ஆயுத பூஜையன்றும் ஓடிய கணினி

மச்சான், அலுவலகம் முழுக்கச் சந்தன வாசனை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனிக்குக் கம்பெனி வாசலில் பூசணிக்காய் உடைந்து கிடக்கிறது. இயந்திரப் படங்கள் வரையும் நம் அலுவலகத்திலும் கணினிகளைத் துடைத்துப் பொட்டு வைத்து, பொரி கடலையோடு பூஜை முடிந்தது. எல்லாவற்றையும் அணைத்தோம், உன்னுடையதைத் தவிர.

அன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்த உன்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். நீ திரும்பவில்லை. பாதியில் நின்ற கியர் பெட்டிப் படம் இன்று வரை உன் திரையில் இருந்தது. அதைப் பிரதி எடுத்து, மீதியை வரைந்து, வேலையையும் அனுப்பிவிட்டோம். ஆனாலும் கணினியை அணைக்க யாருக்கும் கை வரவில்லை. மாதக்கணக்கில் இராப்பகலாக ஓடியது. நீ பார்த்திருந்தால் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாய்.

நாம் அலுவலகம் தொடங்கிய பிறகு வந்த முதல் ஆயுத பூஜை நினைவிருக்கிறது. கற்பூரம் அணைந்ததும் நீ திரைகளின் ஓரத்தில் மினுங்கிய சிவப்புப் புள்ளிகளைக் காட்டினாய். "சாமி கும்பிட்டு லீவு உட்டாச்சுன்றீங்க. இது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு, முழிச்சிகினு கீது?" அடுத்த வாரம் பட்டாபிராமிலிருந்து ரயிலில் ஒரு பை நிறைய பிளக் பலகைகளைச் சுமந்து வந்தாய். ஒரு சுவிட்சைத் தட்டினால் திரை, ஸ்பீக்கர், பிரிண்டர் எல்லாம் சேர்ந்து அணையும். உனக்கு 'மின்வாரியத்து மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துச் சிரித்தோம். நீயும் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு மேசைக்குக் கீழும் தவழ்ந்து போய் மாட்டினாய்.

நீ வாங்கியதெல்லாம் உருப்பட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக் வேண்டாம் என்று ஆசையாக வரவழைத்த மூங்கில் கீபோர்டு முதல் மழைக்கே உப்பிப்போனது. 'ஏ' எழுத்தை அழுத்தினால் உள்ளே போனது வெளியே வரவில்லை. "மூங்கிலு நல்ல மூங்கிலுதான் மச்சான், நம்ம ஊரு மழதான் சரியில்ல" என்றாய். மவுசுக்குத் திரும்பத் திரும்ப சார்ஜ் செய்கிற பேட்டரி வாங்கினாய். கெட்டுப்போன பழைய பேட்டரிகளை யாரையும் குப்பையில் போட விடாமல் எண்ணெய் டின்னில் சேர்த்து, அவற்றை வாங்கிக்கொள்கிற இடத்தைத் தேடிக் கொடுத்தாய். கரண்ட் குறைவாக இழுக்கிற புது மின்விசிறிகளை எங்கள் தலைக்கு மேல் மாட்டிவிட்டு, லொடலொடக்கும் பழையதன் கீழே நீ உட்கார்ந்தாய். இத்தனைக்கும் நீ ஒருநாளும் எங்களுக்குப் பாடம் எடுத்ததில்லை. உன்னிடம் நான் மிகவும் மதித்தது அதைத்தான்.

இன்று பூஜை முடிந்ததும் உன் மேசைக்குப் போனேன். நம்மோடு படம் வரைகிற ரேவதி குறுக்கே வந்து நின்றாள்.

"அத உட்ருங்கண்ணே. அது ஓடிக்கினு கீற வரைக்கும் அவரு டீக்குப் போயிக்கீறாருனு நெனச்சிக்கினு நான் பாட்டுக்கு வேல பாத்துக்கினு கீறேன்."

நானும் அப்படித்தானே நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"டீக்குப் போறவன் என்னிக்காவது இத எரிய உட்டுட்டுப் போயிக்கீறானாம்மா?" என்று கேட்டேன்.

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, படத்தைச் சேமித்துக் கணினியை நிறுத்தினாள். பிறகு குனிந்து நீ மாட்டிய பலகையின் சுவிட்சையும் தட்டினாள். இத்தனை மாதமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த அந்த உறுமல் நின்றது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.

நாளை விஜயதசமி. உன் கணினியை ரேவதிதான் போடுவாள், இனி அது அவளுக்கு. இதைக் கையால்தான் எழுதுகிறேன், எல்லாக் கணினிக்கும் இன்று லீவு. முடித்துவிட்டு டீக்குக் கிளம்ப வேண்டும். "ரெண்டு டீ" என்று சொல்லிப் பழகிய வாய் இனி ஒன்று என்று சொல்லப் பழக வேண்டும். எழுந்ததும் சுவிட்சைத் தேடிப் போகக் கையை மட்டும் நீ பழக்கிவிட்டுப் போயிருக்கிறாய், மச்சான்.