சுவரில் ஒட்டிய டெர்பிஷயர்

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல், 4-5-1958

அன்பு மகள் புஷ்பமேரிக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் சுகம். நீ அங்கே என்ன வெஞ்சனம் தொட்டுச் சாப்பிடுகிறாயோ என்றுதான் உன் அம்மாவுக்குக் கவலை.

கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டைக் காலிசெய்து ஊருக்குப் போனார். அவர் புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்கு வந்தன. அதில் ஒன்று, இங்கிலாந்தில் நீ நர்ஸ் வேலைக்குப் போயிருக்கிற டெர்பிஷயர் ஜில்லாவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கென்று அச்சிட்டது! உள்ளே மடித்து வைத்த படங்கள். ரயில் பாதை, ஆறு, சாராயக்கடை முதற்கொண்டு பெயர் போட்டிருக்கிறான். உங்கள் ஊர்ப் படத்தைப் பிரித்து நம் சைக்கிள் கடைச் சுவரில் ஒட்டிவிட்டேன். பஞ்சர் ஒட்ட வருகிறவன்கூட, "நம்ம புஷ்பம் எங்கிட்டு இருக்கு மாமா?" என்கிறான். நான் விரலை எங்கே வைப்பது? எழுது. உன்னைத் தன் மகனுக்குக் கேட்ட செம்பட்டி ராயப்பராஜ் அடுத்த மாதம் வருகிறார். அவருக்கும் காட்ட வேண்டும்.

அப்பா இஞ்ஞாசி

19-5-1958

அன்புள்ள அப்பாவுக்குத் தோத்திரம்.

உங்கள் கடிதத்தை வாசித்துத் தனியாகச் சிரித்தேன். ஸ்டேஷனில் இறங்கி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால், வலது கைப் பக்கம் மேட்டின்மேல் நீளமான கல் கட்டடம். அதுதான் என் ஆஸ்பத்திரி. அங்கே விரலை வையுங்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், உருளைக்கிழங்குக்கு இங்கே பஞ்சமில்லை.

மகள் புஷ்பமேரி

8-6-1958

புஷ்பமேரிக்கு,

நேற்று ராயப்பராஜ் வந்தார். நாலு பேர் நடுவில் நீ சொன்ன மேட்டில் விரலை வைத்தேன். அவர் ரயில்வேயில் இருந்தவர், இங்கிலீஷ் நன்றாக வரும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பொடி எழுத்தை வாசித்தார். "ஒர்க்ஹவுஸ்னுல்ல போட்டுருக்கு! போக்கத்ததுகள அடச்சுவச்சு வேல வாங்கிட்டுக் கஞ்சி ஊத்துற எடம்யா இது" என்றார். காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

நர்ஸ் வேலை என்று சொல்லிவிட்டு அங்கே கஞ்சிக்கா நிற்கிறாய்? விலாசத்தில் ஆஸ்பத்திரி என்று யாரும் எழுதலாம். வெள்ளைக்காரன் அச்சடித்தது பொய் சொல்லுமா? நர்ஸ் உடுப்போடு ஒரு போட்டோ அனுப்பு. பார்த்த பிறகுதான் நம்புவேன். என் மானம் போயிற்று.

இஞ்ஞாசி

22-6-1958

அப்பாவுக்கு,

புத்தகத்தின் முதல் பக்கத்தில் வருஷம் போட்டிருக்கும், பாருங்கள். அன்றைக்கு இது கஞ்சித்தொட்டிதான். பிறகுதான் ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். இந்த ஊர்க் கிழடுகளுக்கு அது இன்னும் மறக்கவில்லை. போன வாரம் ஒரு முதியவரை வண்டியில் வைத்துத் தள்ளி வந்தேன். வாசலைக் கண்டதும், கடைசியில் இங்கேயா வந்தேன் என்று முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "இது இப்போது ஆஸ்பத்திரி ஐயா, நான் உங்கள் நர்ஸ்" என்றேன். கையை எடுத்து என்னைப் பார்த்தார். நம்பினார்.

நீங்கள் நம்பவில்லை.

போட்டோ இருக்கிறது. அனுப்ப மாட்டேன். இங்கே இன்னும் மூன்று வருஷம் இருக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

புஷ்பமேரி

13-7-1958

என் தாயே புஷ்பம்,

வருஷத்தைப் பார்த்தேன். நான் பிறப்பதற்கு முன்பே அச்சான புத்தகம். உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். அந்த முதியவர் வரைக்கும்தான் முடிந்தது, கடிதத்தை மடித்துவிட்டேன். "அந்த வெள்ளக்காரக் கெழவனுக்கு இருந்த புத்தி ஒமக்கு இல்லாமப் போச்சே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று செம்பட்டிக்குப் போனேன். சம்பந்தம் பேச அல்ல. அன்றைக்கு அவர் உன்னை இளக்காரமாகப் பேசியபோது வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேனே, அந்த வெட்கம் தாங்காமல் போனேன். "எம்பிள்ள நர்சுதான்யா" என்றேன்.

"சரிய்யா, போட்டோ கீட்டோ இருக்கா?" என்றார் ராயப்பராஜ்.

"கெடையாது. எம்பிள்ள சொல்லிருக்கா, போதாதா?" என்றேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய சொல். நானும் காப்பிக்கு நிற்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

படத்தைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பொடி எழுத்தின்மேல் ஆஸ்பத்திரி என்று மையால் எழுதினேன். இடம் போதாமல், பாதி எழுத்து ஆற்றுக்குள் போய்விட்டது.

போட்டோ அனுப்ப வேண்டாம், அம்மா.

உன் அப்பா
இஞ்ஞாசி