வண்டி நிறுத்தப் போன பையன்

அன்புக் கண்ணனுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே நலம், நீ அங்கே நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும், அதனால் வழக்கமாகக் கேட்பதைக் கேட்கப்போவதில்லை. போனில் சொன்னால் நடுவில் கத்துவாய், காதும் உனக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். முடித்ததும் படம் பிடித்து அனுப்பிவிடுவேன்.

உன் டியூட்டி அட்டவணையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். எங்கே பறக்கிறாய், எப்போது தூங்குவாய் என்று பார்த்து அதற்கேற்ப போன் செய்வேன். இந்த மாதம் ஒட்டிய பசை காய்வதற்குள் மாற்றிவிட்டார்கள், மாற்றியதையும் மாற்றினார்கள். லீவு என்று போட்டிருந்த அன்று சீருடையை மாட்டிக்கொண்டு எப்போது கூப்பிடுவார்களோ என்று போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாயாமே. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போது தோன்றும்போது கூப்பிடுகிறேன், நீ எடுப்பதில்லை.

போன தடவை பேசும்போது விமானம் இறங்கும் நேரம் காதில் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். சளியோடு பறந்தால் செவிப்பறை கிழிந்துவிடும் என்று டாக்டர் சொன்னதையும் ஏதோ ஜோக் மாதிரிதான் சொன்னாய். அப்படியானால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் படுக்க வேண்டியதுதானே என்றேன். அதற்கும் கணக்கு வைத்திருக்கிறார்களாம், அளவுக்கு மேல் போனால் கூப்பிட்டு விசாரிப்பார்களாம், கேப்டன் ஆகும் வரிசையில் பின்னால் தள்ளிவிடுவார்களாம். காய்ச்சல் வருவதற்குக்கூட உன் ஆபீஸில் முன் அனுமதி வாங்க வேண்டும் போலிருக்கிறது. "ஒரு லீவுதான்மா மிச்சம் இருக்கு, அதை உன் கண் ஆபரேஷனுக்கு வெச்சிருக்கேன்" என்றாய். போனை வைத்த கையோடு கண் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது, கண்ணா. கத்தாதே. தேதியை நானே முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு டாக்ஸியில் போய்வந்தேன். கூட வந்தது யார் என்று நர்ஸ் கேட்டாள், பையன் வண்டியை நிறுத்திவிட்டு வருகிறான் என்று சொல்லிவிட்டேன். வாயில் அதுதான் வந்தது. ஆபரேஷன் முடிந்து வெளியே உட்கார வைத்தபோதும் அவள் விடவில்லை, துணை ஆள் இல்லாமல் அனுப்ப மாட்டார்களாம். நல்லவேளை, திரும்பக் கூட்டிப்போக வந்த டாக்ஸிக்காரர் என்னைக் காணோமே என்று உள்ளே எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், நர்ஸ் பிடித்துக்கொண்டாள். "பெத்த அம்மாவை உள்ள விட்டுட்டு இவ்வளவு நேரமா வண்டி நிறுத்துவீங்க?" என்று ஒரு பிடி பிடித்தாள். அந்த மனிதர் திருதிருவென்று விழித்தார், என் முகத்தைப் பார்த்தார், "தப்புதான் சிஸ்டர்" என்றார். சொட்டு மருந்து எப்போது விடவேண்டும் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், கையைப் பிடித்துப் படி இறக்கினார். வீட்டு வாசலில், உங்கள் பையன் என்ன செய்கிறார் என்று கேட்டார். உங்களை மாதிரி வண்டிதான் ஓட்டுகிறான், கொஞ்சம் பெரிய வண்டி என்றேன். அவர் போன பிறகு வீடு என்னவோ போல் ஆகிவிட்டது. வாய்விட்டு அழலாம் என்று பார்த்தால் கண்ணில் தண்ணீர் படக்கூடாதாம்.

நீ வரவேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லையென்று நினைக்காதே. உன் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு வைத்தேன், அது கசங்காமல் அப்படியே கிடக்கிறது. ஆனால் நீ சேர்த்து வைத்த அந்த ஒரு லீவு இனி எனக்கு வேண்டாம். அதை உன் காதுக்குச் செலவு செய். காது போனால் பறப்பதும் போய்விடும். உனக்குப் பின்னால் நம்பி உட்கார்ந்து வருகிறவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். கேப்டன் பட்டை ஒரு வருஷம் தள்ளி வரட்டும், குடி முழுகிவிடாது. இன்றைக்கே போன் செய்து, உடம்பு சரியில்லை, வரமாட்டேன் என்று சொல். குரலைத் தாழ்த்தாமல் சொல்.

நீ நன்றாக இருக்க வேண்டும், நீ ஏறுகிற ஒவ்வொன்றும் பத்திரமாக இறங்க வேண்டும். காது டாக்டரிடம் தனியாகத்தான் போவாய், தெரியும். துணைக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டால், அம்மா வண்டியை நிறுத்திவிட்டு வருகிறாள் என்று சொல்.

இப்படிக்கு,
ஒரு கண் தெளிந்த உன் அம்மா