சிவந்தது இவருக்கு

யூலை 12, சனி

விடிய முன்னமே சோழகக் காற்று. முற்றம் முழுக்கப் புழுதி. கிணறு கீழே போய்விட்டது.

வேலை: இவருடைய சாரங்கள் துவைக்க. மிளகாய்க்கு இறைக்க. கிளினிக் கொப்பி தேட.

இவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. வாய் இரும்பு மாதிரி என்கிறார். சிறுநீரகம் பழுதானபின் இளநீரும் கூடாது, வாழைப்பழமும் கூடாது. ஒன்றுமே கேட்காத மனுசன் இன்று கேட்டார்: "ஒரு பீச்சஸ் பழம் எடுக்கேலுமோ?" நுவரெலியாப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் சாப்பிட்டதாம். நெடுங்கேணியில் பிறந்த எனக்கு அதன் உருவமே தெரியாது.

மரக்கறி லொறி ஓடும் ரவிக்குச் சொல்லிவிட்டேன்.

யூலை 14, திங்கள்

வவுனியா. ஆஸ்பத்திரியில் இவர் ரத்தம் சுத்தம் செய்யும் மெசினில். மெலிந்துவிட்டார், பார்க்க முடியவில்லை. நேர்ஸ் பிள்ளையிடம் பழம் பற்றிக் கேட்டேன்.

"வீட்டில குடுத்திடாதேங்கோ அம்மா. வியாழக்கிழமை இஞ்ச கொண்டு வாங்கோ. மெசினில போட முன்னம் ஒரேயொரு துண்டு. டொக்டரும் ஓம் எண்டவர்."

ஒரு துண்டு. அது நல்ல துண்டாக இருக்க வேண்டும், பிள்ளையாரே.

பின்னேரம் ரவி கொண்டுவந்தது இரண்டே இரண்டு. ஒன்று கன்னம் சிவந்து, படத்தில் வரைந்தது போல. மற்றது மங்கல் மஞ்சள், ஒரு பக்கம் சப்பை. தோலில் பூனைமயிர், கை சொறிந்தது. இரண்டும் கல்லு. மாங்காய்க்குச் செய்வதுபோல நெல் மூட்டைக்குள் புதைத்தேன்.

யூலை 15, செவ்வாய்

பெருவிரலால் அமத்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மலரும் அமத்தினாள். இவர் கட்டிலில் கிடந்தபடி, "ஊரெல்லாம் அமத்தினா அது தாங்குமோ?" சிரித்தார். கனநாளைக்குப் பிறகு.

கொழும்பில் இருக்கும் மகள் சுதாவுக்குப் போன். அவள் நெட்டில் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்: ரோசாப்பூவின் இனமாம். மயிர் இல்லாமலும் ஒரு வகை இருக்காம். "கொட்டைக்குள்ள பருப்பில நஞ்சு அம்மா, அப்பா கடிச்சிடுவார், கவனம்."

"அதை விடு. பழுத்ததை எப்பிடிப் பார்க்கிறது?"

"பார்த்துச் சொல்லுறன்." லைன் அறுந்துவிட்டது. மீன்காரனும் வரவில்லை.

யூலை 16, புதன்

மூட்டையைத் திறக்க அறை முழுக்க மணம். மஞ்சளில்தான். மெத்தென்று வந்துவிட்டது, காம்படியும் நல்ல மஞ்சள். இவ்வளவு மணந்தால் நாளைக்கு அழுகிவிடும். சிவப்பு இப்போதுதான் இளகுகிறது, மணம் பெரிதாக இல்லை, காம்படியில் கொஞ்சம் பச்சை. ஆனால் என்ன வடிவு. இவருக்கு அதுதான்.

மஞ்சளை மலருக்குக் கொடுத்தேன். நாங்கள் வவுனியா போகும் நாட்களில் ஆட்டைப் பார்ப்பவள் அவள்தானே. "பழுதாக முன்னம் தின்னு."

போனில் சார்ஜ் இல்லை. கரண்டும் இல்லை.

யூலை 17, வியாழன்

முதல் பஸ். பழம் சேலைத் துண்டில் சுற்றி மடியில். நேர்ஸ் பிள்ளை கத்தி தந்தாள். ஒரு துண்டு. இவர் கண்ணை மூடி வாயிலேயே வைத்திருந்தார், கனநேரம்.

"இனிக்குதோ?"

"ஓம். நல்லா இனிக்குது."

மெசினில் போட்டபின் மிச்சத்தை வெளியே மர வாங்கில் உட்கார்ந்து நான் கடித்தேன். பஞ்சு. இனிப்பு இல்லை, புளிப்புக்கூட இல்லை. பைப்படியில் நின்று அழுதேன். இவருக்கு நாக்குச் செத்துவிட்டதா, எனக்காகச் சொன்னாரா? கேட்கப் பயம்.

வீட்டுக்கு வந்து போனைச் சார்ஜில் போட, சுதாவின் குரல்பதிவு. நேற்றே அனுப்பியது. "அம்மா, சிவப்பை நம்பாதேங்கோ. அது வெயில் பட்ட நிறமாம். காம்படி மஞ்சளா இருக்கோணும், மணக்கோணும். பச்சையாப் பிடுங்கினது வைக்க வைக்க மெத்தெண்டு வருமாம், இனிக்காதாம்."

எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் கொடுத்தேன். இனி ஒரு பழம் தேடி வருவதற்குள் இவர் இருப்பாரோ தெரியாது.

யூலை 18, வெள்ளி

காற்று விழவில்லை. மிளகாய் இறைப்பு அரைவாசி. கால் வீக்கம் வற்றவில்லை இவருக்கு.

இவரை வெளியே கதிரையில் இருத்திவிட்டு இலை கூட்டிக்கொண்டிருந்தேன். மலர் வேலிக்கு மேலால்: "அக்கா, அந்தப் பழம் தேன். சாறு முழங்கை மட்டும் வழிஞ்சுது."

என்னால் நிமிர முடியவில்லை. கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினேன்.

"எங்கட பழமும் அப்பிடித்தான் பிள்ளை," என்றார் இவர்.