ரயிலோர நிலம் விற்ற வருடம்

ஆரம்பாக்கம்
ஞாயிறு காலை

அன்பு மகள் பூமிகாவுக்கு, நைனா தன் கையாலேயே எழுதுவது. இங்கே அறுப்பு முடிந்து நானும் அம்மாவும் நிம்மதியாக இருக்கிறோம், திருநெல்வேலியில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். இவ்வளவு எழுதுவதற்குள் நாஷ்டா ஆறிவிட்டது, பரவாயில்லை, எழுத்து வரிசையில் நிற்கிறது பார்.

நான் வேலை பார்த்த கும்மிடிப்பூண்டி வார்ப்பட ஆலையின் பங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பி.இ. என்றால் பங்கு விலை அதன் ஒரு வருட லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்று போனில் சொன்னாய் அல்லவா, நம் பக்கம் நிலத்தின் விலை எத்தனை வருடக் குத்தகைக்குச் சமம் என்று கேட்பார்களே, அது மாதிரிதான் என்று பிடித்துக்கொண்டேன். என்னோடு உலையில் நின்ற துளசிராமன் போன வாரம் வந்து, "அண்ணாத்த, எப்பவும் இருபத்தி நாலுல கெடந்தது இப்ப ஆறுக்கு எறங்கிக்கினு கீது, வாங்கிப் போடு" என்றான். பேப்பரில் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், விலை நூற்றிருபது, லாபம் இருபது, ஆறுதான். ஆறு வருடக் குத்தகைப் பணத்துக்கே யார் நிலத்தை விற்பார்கள் என்று எனக்குக் கை பரபரத்தது. உன் பிரசவத்துக்கு வர எடுத்து வைத்திருந்த நெல் பணத்தையும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்று சட்டை மாட்டிவிட்டேன்.

அம்மா முறத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இன்னாய்யா, நாம புளியமரத்த வித்த காச நெல்லு கணக்குல சேத்துக்கினமா? கம்பெனிகாரன் ரயிலோர மண்ண வித்தானே, அது வருசா வருசம் வெளையுமா?" என்று கேட்டாள். சட்டையைக் கழற்றிவிட்டேன். துளசிராமன் ஆலையில் விசாரித்துத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். லாபம் இருபதில் பதினைந்து நிலம் விற்ற காசாம், ஆலை சம்பாதித்தது ஐந்துதான், நூற்றிருபதில் ஐந்து எத்தனை என்றால் அதே பழைய இருபத்து நாலு. வெள்ள வருடத்தில் மட்டும் இந்த மடங்கு எண்பதுக்கு ஏறியதும் இப்போதுதான் விளங்கியது, உலைக்குள் தண்ணீர் புகுந்து லாபம் சுருங்கியதே தவிர விலை ஏறவில்லை. நாமும் ஒரே ஒரு போகத்தை வைத்து நிலத்தை மதிப்பதில்லையே, பல வருடத்தை வரிசையாகப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. ஆலை கொடுத்த பழைய பங்குகள் அப்படியே இருக்கட்டும், நெல் பணத்தில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

குடத்தைத் தூக்காதே, இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே. பேரனோ பேத்தியோ நல்லபடி வர வேண்டும், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். பகல் வண்டியில்தான் வருகிறோம், எந்த ஊர் என்று இனி யாரையும் கேட்க வேண்டாம், போர்டை நானே படிப்பேன். வழியில் வரும் எல்லா ஊரையும் சத்தமாகப் படிக்கக் கூடாது என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டாள். பார்க்கலாம்.

உன் நைனா
தணிகைவேல்