இரண்டு வேனிலும் என் பெயர்

கருப்புத் திரையில் மேல் அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினேன். முன்பு யாரோ அடித்த கட்டளை வந்து நின்றது. நீ அடித்தது. நாம் பகிர்ந்துகொண்ட அந்த ஆபீஸ் கணினியை உனக்குப் பிறகு யாரும் தொடவில்லை போலிருக்கிறது. போன மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை என்று படுத்தவள் நீ, எழுந்திருக்கவில்லை. நான் பிரசவ விடுப்பில் இருந்தேன். பச்சை உடம்புக்காரி போகக்கூடாது என்று கடைசியாக உன் முகத்தைப் பார்க்கக்கூட என்னை விடவில்லை. அதனால்தான் இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன்.

செங்கல்பட்டுத் தொழிற்சாலைக்கு வருகிற பெண்களில் யார் எந்த வேனில் ஏறுவது என்று பிரிப்பதுதானே நம் வேலை. யாரோடு யார் எத்தனை நாள் ஒன்றாக வந்தார்கள் என்ற எண்களை வரிசையும் பத்தியுமாகப் பெரிய அணியாக அடுக்குவோம். கணினி அதைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கும். வலுத்த உறவு மேலும் வலுக்கும், மெலிந்தது கரையும். கடைசியில் மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு கூட்டம், படாளம் பக்கம் ஒரு கூட்டம் என்று தானாகப் பிரிந்து நிற்கும். எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது.

தேவகி வந்து நின்ற அன்றைக்குத்தான் மந்திரம் கலைந்தது. பேக்கிங்கில் வேலை செய்கிறவள். "மேடம், எனக்குப் பாதி வாரம் கடற்கரையில புருசன் வூடு, பாதி வாரம் படாளத்துல அம்மா வூடு. கொயந்த அங்கதான கீது? நீங்க என்னைக் கடற்கரை வேன்லயே போட்டா வேலைய வுட வேண்டியதுதான்." நான் திரையைக் காட்டி, கணக்கு அப்படித்தான் வருகிறது என்றேன். நீ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாய்.

"முழுசா ஓடவுட்டா இப்பிடித்தாண்டி. ரெண்டு பக்கமும் கீறவளையும் ஒரே பக்கமா இழுத்து உக்கார வெச்சிடும். நடுவுல நிறுத்திப் பாரு."

ஒவ்வொரு சுற்றின் அணியையும் சேமிக்கச் சொன்னாய். நடுச் சுற்று ஒன்றை எடுத்து, இதைக் கூட்டங்களாகப் பிரித்துக் காட்டு என்று கணினிக்கு ஒற்றை வரிக் கட்டளை கொடுத்தாய். தேவகி இரண்டு கூட்டத்திலும் இருந்தாள். அவளோடு இன்னும் சில பெண்கள்.

மேனேஜர் முகம் சுளித்தார். "இன்னாம்மா, முடியாத கணக்கைக் காட்டறே?"

"முடிஞ்ச கணக்கு ஆளைப் பிச்சிடுது சார். பாதியிலதான் நெசம் கீது" என்றாய்.

அன்றைக்கு தேவகியின் பெயர் இரண்டு வேனிலும் ஏறியது. டிரைவர் அண்ணன், "ரெண்டு வேனுக்கும் வாக்கப்பட்டவளே, ஏறு, நேரமாவுது" என்பார். நீ உள்ளே உட்கார்ந்து சிரிப்பாய்.

இப்போது நானும் தேவகி மாதிரிதான். வீட்டுக்காரருக்குப் பகல் டியூட்டி வரும் வாரம், கடற்கரை வேன் போகிற அணுபுரம் குவார்ட்டர்ஸில் பாப்பாவைப் பார்க்க ஆள் இல்லை. படாளத்து அம்மா வீட்டிலிருந்து வருகிறேன். ராத்திரி டியூட்டி வாரம் அணுபுரம். புது மேனேஜர், சீட்டு காலியாகப் போகிறது, இனி ஆளுக்கு ஒரு வேன்தான், மாற்றமில்லை என்றுவிட்டார். அம்மா வேலையை விடு என்கிறாள். அவர், ஸ்கூல் போகிறவரை பாப்பா படாளத்திலேயே இருக்கட்டுமே என்கிறார். எல்லோரிடமும் முடிந்த கணக்கு இருக்கிறது. பாப்பா தும்மினாலே விடிய விடிய உட்கார்ந்திருப்பவள் நான், மூன்று வருஷம் எப்படிப் பிரிந்திருப்பேன்?

திரையில் வந்து நின்ற உன் கட்டளையில் கோப்பின் பெயரை மட்டும் மாற்றி ஓடவிட்டேன். ஏழு பெண்கள் இரண்டு கூட்டத்திலும் வந்தார்கள். ஏழாவது நான். என் பெயரை எடுத்துவிட்டு மேனேஜரிடம் கொண்டுபோகலாமா என்றுகூடத் தோன்றியது. சொந்தக் காரியம் பார்க்கிறேன் என்பார்களே. எடுக்கவில்லை.

மேனேஜர் தாளைப் பார்த்தார். "இதுல உன் பேரும் கீதே?"

"ஆமா சார். நானும் ரெண்டு வேன்லயுந்தான வரேன்." தாளில் ஏழு பெயர்களையும் விரலால் காட்டினேன். "ஒரே வேன்னு சொன்னா இந்த ஏழு பேர்ல யாரும் ரொம்ப நாள் நிக்க மாட்டாங்க சார். அந்தச் சீட்டு அப்பவும் காலியாத்தான் போகும்."

அவர் தாளை மடித்து மேசையில் வைத்துக்கொண்டார். "ஒரு மாசம் பாப்போம்" என்றார்.

ஒரு மாதம்தான். அதற்கு அப்புறம் என்ன ஆகுமோ, தெரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்காரர் போனில், "முடிவா என்ன செய்யப்போற, சொல்லு" என்றார். முன்பென்றால் அழுதிருப்பேன், இல்லையென்றால் அவர் சொன்னதற்கே தலையாட்டியிருப்பேன்.

"முடிவெல்லாம் இப்ப வாணாங்க" என்றேன். "இந்த வாரம் படாளம். அடுத்த வாரம் பாப்பாவோட அங்க வரேன்."