கால் நிமிர்ந்த நாடகம்

சிவமயம்

அளவெட்டி,
ஈசுர வருடம், ஆவணி மாதம்.

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு அருந்ததி எழுதிக்கொள்வது.

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் மாமியும் சுகம். மலாயாவில், ஈப்போவில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். மாமியின் முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறேன். பசு நாம்பன் கன்று ஈன்றிருக்கிறது. வெங்காயம் பாதி அழுகிப் போயிற்று. இவ்வளவும் மாமி எழுதச் சொன்னவை. இனி என் பாடு.

இம்முறை திருவிழாவுக்கு உங்கள் தம்பி தியாகராசா நாடகம் போட்டார். புராணக் கதை எல்லாருக்கும் அலுத்துவிட்டதாம். உங்கள் பெட்டியில் கிடந்த நாவலை எடுத்து நாடகமாக எழுதினார். நீங்கள் வாசித்திருப்பீர்கள். கால் ஊனமான ஒருத்தியை ஒருவன் இரக்கப்பட்டு மணக்கிறான். பிறகு கப்பலேறிப் போகிறான். அவள் காத்திருந்து சாகிறாள். செத்த பிறகுதான், அந்த இரக்கம் அன்பும்தான் என்று அவனுக்குத் தெரிகிறது. வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெண் வேடம் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்கும் பஞ்சலிங்கத்துக்கு. பாட்டு நன்றாக வரும், நொண்டத்தான் வரவில்லை. தியாகராசா அவரைக் கூட்டிவந்து, "மச்சாள், ஒருக்கா கிணத்தடிக்குப் போட்டு வாங்கோ, இவர் பார்க்கட்டும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாளியை எடுத்துக்கொண்டு நடந்தேன். யார் பார்த்தாலும் தண்ணீர் அள்ளத்தானே வேண்டும். பஞ்சலிங்கம் என் பின்னால் அப்படியே நடந்தார், இடது காலை இழுத்து, வலது கையால் சேலையைப் பிடித்துக்கொண்டு. நான் சேலையைப் பிடிக்கிறேன் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

ஒத்திகை பார்க்க வந்த தருமகர்த்தா நமசிவாயத்தார் துள்ளினார். "கொடியேறின கோயில் வாசலிலை பொம்பிளை சாகிறதோ? மங்களம் பாடித்தான் முடிக்கவேணும்" என்றார். தியாகராசா தலையைச் சொறிந்து சொறிந்து முடிவை மாற்றினார். சாகக் கிடந்தவள் முன் முருகன் வந்து வேலால் காலைத் தொடுகிறார். கால் நிமிர்கிறது. அவள் நேராக நடந்து வர, புருஷன் கப்பலால் இறங்கி மாலை போடுகிறான். மங்களம்.

நாடகத்தன்று பஞ்சலிங்கம் நொண்டி வந்ததும் சனம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. கால் நிமிர்ந்ததும் அரோகரா என்றார்கள். மாமியும் கை குவித்தா. எனக்குக் கை எழவில்லை.

அன்றிலிருந்து வீட்டுக்கு ஒரே ஆட்கள். பக்கத்து வளவுச் சிவக்கொழுந்தக்கா, வேலிக் கதியாலைத் தள்ளி நட்டதற்கு இத்தனை வருடம் என்னோடு சண்டை பிடித்தவ, முருங்கைக்காய் கொண்டுவந்து என் தலையைத் தடவுகிறா. "நாகலிங்கத்தின்ரை நல்ல மனசு, இல்லாட்டில் உன்னை ஆர் கட்டுவினம்?" என்கிறா. நம் கலியாணத்திலும் இதைத்தான் சொன்னார்கள். வேலிச் சண்டையிலாவது எனக்கு ஒரு மரியாதை இருந்தது. அலுத்துவிட்டது அத்தான். பதில் சொல்லவும் களைப்பாக இருக்கிறது.

புத்தகத்தில் அவள் செத்த பிறகு அவன் வருகிறான். நாடகத்தில் கால் நிமிர்ந்த பிறகு வருகிறான். கால் அப்படியே இருக்க அவன் வந்தால் என்ன என்று தியாகராசாவைக் கேட்டேன். "அதைச் சனம் நம்பாது மச்சாள்" என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை.

நாலு வருடமாக, அடுத்த தையில் கூப்பிடுகிறேன் என்று எழுதுகிறீர்கள். வீடு கிடைக்கவில்லை, லீவு கிடைக்கவில்லை என்கிறீர்கள். நான் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் மனம் நோவேன் என்று இரங்கி எழுதுவதானால், இனி அப்படி எழுதவேண்டாம். உள்ளதை எழுதுங்கள், தாங்குவேன்.

நான் சாகப் போவதில்லை. என் காலும் நிமிரப் போவதில்லை. இப்படியே இருப்பவளிடம் வர மனம் இருந்தால் வாருங்கள். சுன்னாகம் ஸ்டேசனுக்கு நானே வருவேன். மெதுவாகத்தான் வருவேன். ரெயிலால் இறங்கினதும் போய்விடாமல், கொஞ்சம் நில்லுங்கள்.

பிள்ளையார் உங்களை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள்
அருந்ததி