காதுகுத்தில் எடுத்த முப்பத்தாறு படங்கள்

மச்சான், இன்று பீரோவைத் துடைத்தபோது பழைய கேமராவின் பின்மூடி டக்கென்று திறந்துகொண்டது. உள்ளே ஒன்றுமில்லை. ஆனாலும் என் கை தானாக அதைப் பொத்திக்கொண்டது.

நான் எட்டாவது ஃபெயில்தான். ஆனால் கல்யாணக் கூட்டத்தில் ஆளுக்குத் தெரியாமல் படம் எடுப்பதில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னை வரைக்கும் என்னை மிஞ்ச ஆளில்லை. பென்னலூர் மண்டபத்தில் உன் மகளுக்குக் காது குத்தினபோது தாய்மாமன் நான் அவளை மடியில் வைத்துக்கொண்டே ஒற்றைக் கையால் படம் எடுத்தேனே.

அப்புறம் மண்டபத்தின் பின்பக்கம் போனேன். உன் கம்பெனிப் பையன்கள் நாற்பது பேர் (ஊரில் நானூறு என்றுதான் சொல்லியிருப்பேன்) உட்கார்ந்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு முகம் விடாமல் அள்ளினேன். சங்கம் வைக்கத்தான் அந்தக் கூட்டம் என்று நீ எனக்குச் சொல்லவில்லை. என் வாய் அப்படி.

பந்தியில் பக்கத்து இலையில் உன் சூப்பர்வைசர். "பின்னாடி ஒரே கூட்டமா இருந்துச்சே, யாருப்பா?" என்றார். அவர் தூரத்திலிருந்து முதுகுகளைத்தான் பார்த்திருந்தார்.

"அத்தினி பேரும் நம்ம ஃபிலிம் ரோல்ல கீறாங்க சார். கையெழுத்துப் போடறதக்கூட கிட்ட போயி எடுத்துக்கீறேன். ஒருத்தனுக்கும் தெரியாது."

அவர் அப்பளத்தை மெதுவாக உடைத்தார். "படத்தக் கழுவுனதும் எனக்கு ஒரு செட்டு குடு."

அந்தப் பெருமையையும் உன்னிடமே வந்து சொன்னேன். உன் முகம் வெளுத்துவிட்டது. "இன்னாடா பண்ணி வெச்சிக்கீற? ஒருத்தனும் பர்மனென்ட் இல்லடா. தேனி, ராம்நாடுன்னு வந்து ரூம் எடுத்துத் தங்கிக்கினு கீற பசங்க. மூஞ்சி தெரிஞ்சா நாளைக்கே கம்பெனி கேட்டுக்கு வெளியதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சூப்பர்வைசர் கை கழுவிவிட்டு நம் பக்கம் வந்துகொண்டிருந்தார். "பாப்பா காது குத்துனதும் இதே ரோலுதான் மச்சான்" என்றேன். நீ ஒரு தடவை அவளைப் பார்த்தாய். கேமராவை வாங்கி, மூடியைத் திறந்து, ஃபிலிமை முழம் முழமாக வெயிலில் உருவினாய். அவர் வந்ததும் என் தலையில் தட்டி, "அரைகுறை சார் இவன். மூடியத் தொறந்து மொத்தத்தையும் கெடுத்துட்டான்" என்றாய். நான் பல்லைக் காட்டினேன்.

மண்ணூர் வரைக்கும் அந்த அரைகுறைப் பேர் பரவியது. என் ஸ்டுடியோ வாசலில் பைக் நின்றால், சூப்பர்வைசரோ என்று மாதக்கணக்கில் இருட்டறைக்குள் ஒளிந்தேன். ஆனால் நாற்பதில் ஒருவன் பேரும் வெளியே போகவில்லை.

போன வாரம் உன் மகள் கேட்டாள்: "என் காதுகுத்துக்கு ஒரு போட்டோகூட இல்ல. நீதான் கெடுத்தியாமே மாமா?"

அந்த நாற்பது பேரில் சிலர் இன்னும் அதே கம்பெனி லைனில் நிற்கிறார்கள். எனக்கு இன்னும் பயம்தான். "ஆமாம்மா, நான்தான்" என்றேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

அன்று தோடு ஏறியதும் அவள் அழுதபடி என் மடியிலிருந்து எட்டி உன் மூக்கைப் பிடித்து இழுத்தாள். கண்ணில் நீர் வர நீ சிரித்தாய். அதையும் எடுத்தேன் மச்சான். அந்தப் படத்தை உலகத்தில் பார்த்தது என் வலது கண் மட்டும்தான்.